தானுந்து வழிகாட்டிக் கருவி

தானுந்து வழிகாட்டிக் கருவி என்பது, செல்ல வேண்டிய இடத்தை ஓட்டுநர் உள்ளிட்டவுடன், தற்போதைய இருப்பிடத்திலிருந்து அவ்விடத்திற்கான வழியைக் கணித்துத் திரையிலும் ஒலியிலும் தெரிவிக்கும் சிறு மின்னணுக் கருவியாகும். வண்டியுடன் நிலையாகப் பொருத்தப்பட்டு வரும் வகையும், தேவைப்படும்போது முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பின்னர் கழற்றி எடுத்துச் செல்லத்தக்க வகையும் உண்டு. இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாம் வகையைப் பற்றியது. தமிழில் இது வழிகாட்டி, தடங்காட்டி, புவியிடங்காட்டி எனப் பலவாறு அழைக்கப்படுகிறது. பேச்சுவழக்கில் 'ஜி.பி.எஸ்.' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இப்பெயரால் ஒரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டில் சரக்குந்து உரிமையாளர் ஒருவர் 'வண்டியில் ஜி.பி.எஸ். உள்ளது' என்று கூறினால், பெரும்பாலும் அவர் குறிப்பிடுவது வண்டி எங்கே நிற்கிறது என்பதை உரிமையாளருக்குத் தெரிவிக்கும் கண்காணிப்புக் கருவியையே. அக்கருவியில் திரை இராது. ஓட்டுநருக்கு அது எதையும் கூறாது. இருப்பிடத்தை அறியும் முறை இரண்டிற்கும் ஒன்றே எனினும், அதனால் பயன்பெறுவோர் வேறு.

செயற்படும் முறை

கருவியின் பணியை மூன்றாகப் பிரித்துக் காணலாம்: தான் எங்கிருக்கிறோம் என அறிதல், அந்த இடத்தை வரைபடத்தில் உள்ள ஒரு சாலையோடு பொருத்துதல், அங்கிருந்து இலக்கிற்கு வழி கணித்தல். உடைமையாளர்கள் கூறும் குறைகளில் பெரும்பாலானவை முதலாவதைப் பற்றியவை எனத் தோன்றினாலும், உண்மையில் அவை இரண்டாவதையும் மூன்றாவதையும் சார்ந்தவையாகவே இருக்கும்.

ஜி.பி.எஸ். அமெரிக்க அரசால் இயக்கப்படும் செயற்கைக்கோள் தொகுதியாகும். இதன் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. தொகுதி முழுமையாகச் செயற்படத் தொடங்கியது 1995இல். புவிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் இவை ஒவ்வொன்றும், தாம் இருக்கும் இடத்தையும் அந்நொடிக்கான நேரத்தையும் வானலை வழியாக இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அலை புறப்பட்ட நேரத்திற்கும் வந்து சேர்ந்த நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒளியின் வேகத்தால் பெருக்கினால், செயற்கைக்கோளுக்கும் கருவிக்கும் இடையேயுள்ள தொலைவு கிடைக்கும். மூன்று செயற்கைக்கோள்களின் தொலைவு தெரிந்தால் இடத்தைக் கணிக்கலாம். ஆனால் கருவியில் உள்ள மலிவான கடிகாரம் ஒரு மைக்ரோநொடி பிழைபட்டாலும் தொலைவு 300 மீட்டர் பிழைபடும். ஆகவே கருவி தன் கடிகாரப் பிழையையும் ஓர் அறியப்படாத எண்ணாகக் கொண்டு, நான்காவது செயற்கைக்கோளின் துணையால் அதையும் கணித்துவிடுகிறது.

கருவி எதையும் வானத்திற்கு அனுப்புவதில்லை, பெறுவது மட்டுமே. எனவே இதற்கு மாதக் கட்டணமோ கைபேசி இணைப்போ தேவையில்லை. கைபேசிக் கோபுரமே இல்லாத சவ்வாது மலைச் சாலையிலும் வரைபடம் உள்ளிருந்தால் கருவி தன் இடத்தைக் காட்டும்.

காலையில் இயக்கியவுடன் கருவி சில நிமிடங்கள் 'செயற்கைக்கோளைத் தேடுகிறது' என்றே காட்டிக்கொண்டிருப்பது புதிதாக வாங்கியோர் அனைவரும் வியக்கும் செய்தி. இதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு செயற்கைக்கோளின் துல்லியமான சுற்றுப்பாதைத் தரவை இறக்கிக்கொள்ள ஏறத்தாழ 30 நொடிகள் தேவை. அது சில மணி நேரத்திற்கே செல்லும். எல்லாச் செயற்கைக்கோள்களும் தோராயமாக எங்கிருக்கும் எனத் தெரிவிக்கும் அட்டவணையை முழுமையாகப் பெற 12.5 நிமிடங்கள் ஆகும். அலை வரும் வேகம் நொடிக்கு 50 பிட் மட்டுமே. பல வாரங்கள் பெட்டியில் கிடந்த கருவியையோ, அணைத்த நிலையில் வேறு மாநிலத்திற்குக் கொண்டுசென்ற கருவியையோ இயக்கும்போது, வண்டியைக் கிளப்பும் முன் திறந்த வெளியில் அசையாது வைத்துவிட்டுச் சற்றுப் பொறுப்பதே விரைவான வழி. ஓடும் வண்டியில் ஓர் ஆலமரமோ மேம்பாலமோ குறுக்கிட்டால் 30 நொடித் தரவு அறுபட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். கைபேசிகள் இத்தரவை இணையம் வழியே பெற்றுக்கொள்வதால் நொடிகளில் இடத்தைக் கண்டுவிடுகின்றன.

வழி கணித்தல் முற்றிலும் மென்பொருளின் வேலை. சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் கொண்டு, ஒவ்வொரு கோட்டிற்கும் ஒரு 'செலவு' குறிக்கப்படுகிறது. செலவு மிகக் குறைந்த தடத்தைக் காண்பதற்கு டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட படிமுறையும், 1968இல் அதனை விரைவுபடுத்திய 'ஏ-ஸ்டார்' படிமுறையும் அடிப்படையாகும். கணக்கு பிழையற்றதே. ஆனால் கோட்டிற்குக் குறித்த செலவு பிழையானால் விடையும் பிழையாகும். ஏரிக்கரை மேல் செல்லும் மண்பாதைக்கும் தார்ச்சாலைக்கும் வரைபடத்தில் ஒரே வகை குறிக்கப்பட்டிருந்தால், கருவி ஐயமின்றி ஏரிக்கரையைத் தேர்ந்தெடுக்கும்.

வரலாறு

செயற்கைக்கோள் இல்லாமலேயே வழிகாட்டும் முயற்சிகள் முன்னர் நடந்தன. 1981இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் சுழல்காட்டியைக் கொண்டு இயங்கும் கருவியை வெளியிட்டது. 1985இல் அமெரிக்காவின் ஈடாக் நிறுவனம் ஒலிநாடாவில் பதிந்த வரைபடத்துடன் ஒன்றை விற்றது. 1990இல் வந்த மாஸ்டா தானுந்து ஒன்றில் ஜி.பி.எஸ். சேர்க்கப்பட்டது.

பொதுமக்கள் பயன்பாட்டில் பெரிய திருப்பம் 2000 மே மாதத் தொடக்கத்தில் நேர்ந்தது. அதுவரை படைத்துறை அல்லாதோருக்கான அலையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிவந்தது. இதனால் இடம் நூறு மீட்டர் அளவிற்குத் தவறக்கூடும். நூறு மீட்டர் தவறினால் தேசிய நெடுஞ்சாலையில் செல்லும் வண்டி பக்கத்து ஊர்த்தெருவில் இருப்பதாகக் காட்டும். திருப்பத்தைச் சொல்லும் கருவிக்கு அது பயன்படாது. அதிபர் கிளிண்டன் ஆணையால் இப்பிழை நிறுத்தப்பட்டதும் துல்லியம் ஏறத்தாழ 10 மீட்டர் அளவிற்கு உயர்ந்தது. கார்மின் நிறுவனத்தின் ஸ்டிரீட்பைலட் 1998இலேயே வந்திருந்தாலும், டாம்டாம் கோ (2004), கார்மின் நூவி (2005) ஆகியவையே இக்கருவியை இல்லங்களுக்குக் கொண்டுசேர்த்தன.

இந்தியாவில்

இந்தியாவில் கருவியைவிட வரைபடமே அரிதாக இருந்தது. இந்திய நில அளவைத் துறை 1767இல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப்பெரும் முக்கோண அளவைப் பணி 1802இல் சென்னைக்கு அருகே பரங்கிமலை அடிக்கோட்டிலிருந்து லாம்டனால் தொடங்கப்பட்டது. இவ்வளவு நீண்ட மரபு இருந்தும், விரிவான நிலப்படங்கள் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டி நெடுங்காலம் பொதுமக்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுப்பயன்பாட்டிற்கு மற்றொரு வரிசை எனப் படங்களை இரண்டாகப் பிரித்தது. பழைய நிலப்படங்களை வருடிக் கருவியில் ஏற்ற முயன்றவர்கள் இன்னொரு தடையையும் சந்தித்தனர். அப்படங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவதோ டபிள்யூ.ஜி.எஸ். 84. இம்மாற்றத்தைச் செய்யாமல் ஏற்றினால் ஊரே நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்து நிற்கும்.

இவ்விடைவெளியைத் தனியார் நிறுவனங்கள் தெருத்தெருவாக அளந்து நிரப்பின. ராகேஷ் வர்மா, ரஷ்மி வர்மா ஆகியோர் 1995இல் தில்லியில் தொடங்கிய சி.ஈ. இன்ஃபோ சிஸ்டம்ஸ் நிறுவனம் 'மேப்மைஇந்தியா' என்ற பெயரில் வழிகாட்டிக் கருவிகளை விற்றது. ஐதராபாத்தின் சாட்நேவ் டெக்னாலஜீஸ் 'சாட்கைடு' என்ற மென்பொருளை வெளியிட்டது. 2000களின் பிற்பகுதியில் கருவியின் விலை பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் இருந்தது. பெருநகரங்களில் வீட்டு எண் வரையிலும், சிறுநகரங்களில் முதன்மைச் சாலைகள் மட்டுமே எனவும் வரைபடத்தின் செறிவு வேறுபட்டது. விளம்பர அட்டையில் 'இத்தனை நகரங்கள்' என்று குறிப்பிடப்பட்ட எண்ணிக்கையில் தம் ஊர் வெறும் புள்ளியாக உள்ளதா, தெருக்களுடன் உள்ளதா என்பதை வாங்கிய பின்னரே பலரும் அறிந்தனர்.

2021 பிப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இந்திய நிறுவனங்கள் முன்னனுமதியின்றி வரைபடத் தரவுகளைச் சேகரித்து வெளியிட வழிசெய்தன. இது நடந்தபோது தனிக்கருவிகளின் காலம் பெரும்பாலும் முடிந்திருந்தது.

அரக்கோணம் வட்டாரத்தில் பயன்பாடு

கருவி எங்கே உதவுகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை அறிய அரக்கோணமும் அதற்கு மேற்கேயுள்ள வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல்தொழில் பகுதியும் நல்ல எடுத்துக்காட்டுகள். அரக்கோணத்தின் ஆயங்கள் ஏறத்தாழ 13.08 பாகை வடக்கு, 79.67 பாகை கிழக்கு. சென்னை நடுவண் தொடர்வண்டி நிலையமும் 13.08 பாகையிலேயே உள்ளது. அதாவது அரக்கோணம் சென்னைக்கு நேர் மேற்கே உள்ளது. இந்த அகலாங்கில் நெட்டாங்கு ஒரு பாகை என்பது ஏறத்தாழ 108 கிலோமீட்டர். ஆகவே நேர்கோட்டுத் தொலைவு 65 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். தொடர்வண்டித் தொலைவு 69 கிலோமீட்டர். இரும்புப்பாதை எவ்வளவு நேராக இடப்பட்டுள்ளது என்பதை இதனால் உணரலாம்.

ஆயங்களை உள்ளிடும்போது பலர் இடறுவது பாகையின் பதின்மப் பகுதியைக் கலையாக எண்ணுவதில். 13.08 பாகை என்பது 13 பாகை 4 கலை 48 விகலை ஆகும். அதனை 13 பாகை 8 கலை என உள்ளிட்டால் இலக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வடக்கே தள்ளிப்போகும். 79.67ஐ 79 பாகை 67 கலை என உள்ளிட முயன்றால் கருவி ஏற்காது, ஏனெனில் கலை 59ஐத் தாண்டாது. கருவி மறுத்தால் அதன்மேல் சினம் கொள்ளாமல் முதல் எண்ணையும் சரிபார்ப்பது நல்லது.

பெயர்த் தேடலில் ஏற்படும் குழப்பங்கள் இவ்வட்டாரத்தில் மிகுதி. அரக்கோணத்திலிருந்து காட்பாடி செல்லும் வழியில் வாலாஜாபேட்டை உள்ளது. செங்கல்பட்டு செல்லும் வழியில் வாலாஜாபாத் உள்ளது. இரண்டும் ஆற்காட்டு நவாபு வாலாஜாவின் பெயரைக் கொண்டவை. ஆங்கில எழுத்துகளில் முதல் ஆறேழு எழுத்துகளை உள்ளிட்டவுடன் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்துத் தோன்றும். விரல் தவறினால் தென்மேற்கே செல்ல வேண்டியவர் தென்கிழக்கே செல்வார். 'ஆற்காடு' எனத் தேடினால் பாலாற்றங்கரை ஊருடன், சென்னையின் கோடம்பாக்கம், வடபழனி வழியே செல்லும் ஆற்காடு சாலையும் வரும். 'வேலூர்' எனில் நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூரும் உண்டு. காந்தி சாலை இல்லாத ஊரே இல்லை. முதலில் ஊரைத் தேர்ந்தெடுத்துப் பின்னரே தெருவைத் தேடும் வழக்கத்தைக் கைக்கொண்டவர்களுக்கு இத்தொல்லை பெரிதும் குறைவு.

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் தேட வேண்டியிருப்பதே இதன் வேர். அரக்கோணத்தை நடுவே உள்ள அகரத்தை விட்டுவிட்டு 'ஆர்க்கோணம்' என்பதுபோல் எழுதும் பழைய வழக்கமும் உண்டு. தொடர்வண்டித் துறையின் குறியீடோ ஏ.ஜே.ஜே. எனப் பெயரோடு தொடர்பற்றதாய் உள்ளது. பேர்ணாம்பட்டு, குடியாத்தம், சோளிங்கர் போன்ற ஊர்களுக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்கள் உண்டு. 2020 சூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பிற்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, எதிர்ப்புக் கிளம்பவே சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்த ஆணை நிலைத்திருந்தால் விற்கப்பட்ட கருவிகள் அனைத்தின் தேடுபட்டியலும் ஒரே நாளில் பழையதாகியிருக்கும். தமிழ் எழுத்திலேயே தேட இயலுமானால் இச்சிக்கல்களில் பாதி எழாது. தனிக்கருவிகளில் இது பரவலாவதற்கு முன்பே கைபேசிகள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன.

எண்களும் மாறின. சென்னையிலிருந்து இராணிப்பேட்டை வரை தேசிய நெடுஞ்சாலை 4 என்றும், இராணிப்பேட்டையிலிருந்து வேலூர், ஆம்பூர் வழியே கிருட்டிணகிரி வரை 46 என்றும் இருந்தவை, 2010இல் நடந்த மறு எண்ணிடலால் 48 என ஒரே எண்ணைப் பெற்றன. திருத்தணி வழியே செல்லும் 205 இப்போது 716. புதுப்பிக்கப்படாத கருவி '4ஆம் எண் நெடுஞ்சாலையில் இடப்புறம் திரும்பவும்' என்று கூறும். பெயர்ப்பலகையில் 48 இருக்கும். உள்ளூர் ஓட்டுநர்கள் இரு எண்களையும் பொருட்படுத்தாமல் 'பெங்களூர் ரோடு' என்பர்.

மாவட்டங்களும் அவ்வாறே. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது அரக்கோணம் இராணிப்பேட்டை மாவட்டத்திற்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்திற்கும் சென்றன. பழைய வரைபடத்தில் 'மாவட்ட ஆட்சியர் அலுவலகம்' எனத் தேடும் அரக்கோணத்துக்காரரைக் கருவி இன்றும் வேலூருக்கே அனுப்பும். இதைவிடக் கவலைக்குரியது மருத்துவமனை பற்றியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். 2022இல் இராணிப்பேட்டை அருகே அதன் புதிய வளாகம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய வரைபடத்தைக் கொண்ட கருவிக்கு வேலூர் நகருக்குள் இருக்கும் வளாகம் மட்டுமே தெரியும். சென்னையிலிருந்து வருபவர் புதிய வளாகத்தைக் கடந்து நகர நெரிசலுக்குள் சென்று திரும்ப நேரிடும். மருத்துவமனைக்குச் செல்வோர் அனுமதிச் சீட்டில் எந்த வளாகம் எனக் குறிப்பிடப்பட்டுள்ளது எனப் பார்த்த பின்னரே இலக்கை உள்ளிட வேண்டும்.

அரக்கோணத்திலிருந்து ஆம்பூருக்குச் செல்ல இரு பெருவழிகள் உண்டு. ஒன்று, நெமிலி வழியாகத் தெற்கே இறங்கித் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிப்பது. மற்றொன்று, சோளிங்கர் வழியாக வாலாஜாபேட்டையை அடைவது. 'குறுகிய வழி' என்ற தெரிவிற்கும் 'விரைவு வழி' என்ற தெரிவிற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நன்கு காணலாம். 'குறுகிய வழி' என அமைத்தால் கருவி நூறு மீட்டர் மிச்சப்படுத்துவதற்காக ஊர்களுக்குள் புகுந்து, நெல் உலர்த்தியிருக்கும் தெருக்கள் வழியாக அழைத்துச் செல்லும். விரைவு வழியே பெரும்பாலும் ஏற்றது. 'சுங்கச்சாவடி தவிர்க்க' என்ற தெரிவை முந்தைய ஓட்டுநர் இயக்கிவிட்டிருந்தால், பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தவிர்க்கக் கருவி எங்கெங்கோ சுற்றும். கருவி வினோதமாக நடந்துகொள்வதாகத் தோன்றும் நேரங்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்த அமைப்புப் பக்கமே.

அரக்கோணம் நாற்றிசையும் இரும்புப்பாதை செல்லும் சந்திப்பு. கிழக்கே சென்னை, மேற்கே காட்பாடி, வடக்கே ரேணிகுண்டா, தெற்கே செங்கல்பட்டு. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பாதையும் இவ்வழியே சென்றது. ஊருக்குள் எங்கிருந்து எங்கு செல்வதாயினும் இரும்புப்பாதை குறுக்கிடும். ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரம் கருவிக்குத் தெரியாது. மூன்று நிமிடம் என அது கணிக்கும் தொலைவு இருபது நிமிடம் ஆகலாம். கேட்டுகள் நீக்கப்பட்டுச் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ கட்டப்பட்ட இடங்களில், பழைய வரைபடம் சுவர் எழுப்பி அடைக்கப்பட்ட முனைக்கே வண்டியைக் கொண்டுசெல்லும். மழைநாளில் சுரங்கப்பாதையில் நீர் நிற்பதும் அதற்குத் தெரியாது.

அரக்கோணத்தின் மற்றொரு தனித்தன்மை 1992இல் பணியில் அமர்த்தப்பட்ட கடற்படை வானூர்தித் தளமான ஐ.என்.எஸ். இராஜாளி. பாதுகாப்பு இடங்களின் உள்விவரங்கள் பொதுமக்களுக்கான வரைபடங்களில் இடம்பெறுவதில்லை. ஆகவே அப்பகுதி வெற்றிடமாகவே காணப்படும். 2015 டிசம்பரில் சென்னை வானூர்தி நிலையம் வெள்ளத்தால் மூடப்பட்டபோது, பயணிகள் வானூர்திகள் சில நாட்கள் இத்தளத்திலிருந்து இயக்கப்பட்டன. வரைபடத்தில் வெற்றிடமாக இருந்த ஓர் இடம் திடீரெனச் சென்னையின் வானூர்தி நிலையமாகிவிட்டது!

தோல் பதனிடும் ஆலைகளைத் தேடி வருவோருக்கும் இக்கருவி ஓரளவே உதவியது. ஆலைகள் பல பாலாற்றங்கரையை ஒட்டிய தெருக்களில், பெயர்ப்பலகை சிறிதாகவோ இல்லாமலோ உள்ளன. முகவரியில் தெருப்பெயரைவிடப் 'பள்ளிவாசல் எதிரில்', 'பழைய திரையரங்கு பின்புறம்' என்ற குறிப்புகளே முதன்மையானவை. ஒருமுறை ஆளைக் கேட்டுச் சென்ற பின் அவ்விடத்தைக் கருவியில் 'விருப்ப இடமாக'ச் சேமித்துக்கொள்வதே வாடகை வண்டி ஓட்டுநர்களின் நடைமுறை. நாளடைவில் அந்தச் சேமிப்புப் பட்டியல், கருவியுடன் வந்த வரைபடத்தைவிட மதிப்புள்ளதாகிவிடும். கருவியை விற்கும்போதோ தொலைக்கும்போதோ அது போய்விடும் என்பதால் கணினியில் படியெடுத்து வைப்பது நல்லது.

பயன்படுத்துவோர் எதிர்கொள்ளும் பிற சிக்கல்கள்

நெடுஞ்சாலையில் அணுகுசாலையும் முதன்மைச் சாலையும் பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளியில் இணையாகச் செல்கின்றன. மேம்பாலத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகவே செல்கின்றன. கருவியின் துல்லியமோ அதே பத்து மீட்டர் அளவு. உயரத்தை அது இன்னும் குறைந்த துல்லியத்துடனே அறியும். எனவே வண்டி மேலே உள்ளதா கீழே உள்ளதா என்பதைக் கருவி ஊகிக்கிறது. வேலூர் புறவழியில் மேம்பாலத்தின் மேல் சென்றுகொண்டிருக்கும்போது 'வலப்புறம் திரும்பவும்' என ஒலிப்பது இதனாலேயே. இத்தகைய இடங்களில் பெயர்ப்பலகையை நம்புவதே சரி.

வெப்பம் மற்றொரு பகை. வேலூர்க் கோடையில் மூடிய வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய உறிஞ்சு கிண்ணம் மென்மையாகிப் பிடியை விடும். கருவி ஓட்டுநரின் காலடியில் விழும். பிரேக் மிதியின் அடியில் அது சிக்கினால் விளைவு விபரீதமாகலாம். லித்தியம் மின்கலமும் வெப்பத்தால் உப்பும். நிறுத்தும்போது கருவியைக் கழற்றி எடுத்துச் செல்வது திருட்டிலிருந்தும் காக்கும். கண்ணாடியில் கிண்ணத்தின் வட்டத் தடத்தையும் துடைத்துவிட வேண்டும், அத்தடமே உள்ளே கருவி இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். உலோகப் பூச்சுள்ள வெப்பத்தடுப்புக் கண்ணாடியும் அலையைத் தடுக்கும்.

பழைய கருவிகளில் 2019 ஏப்ரலில் ஒரு வியப்பான கோளாறு தோன்றியது. ஜி.பி.எஸ். அலையில் வார எண் 10 பிட்களில் அனுப்பப்படுகிறது. எனவே 1,024 வாரங்களுக்கு (ஏறத்தாழ 19.6 ஆண்டுகள்) ஒருமுறை அது சுழியத்திற்குத் திரும்பும். 1980 சனவரியில் தொடங்கிய எண்ணிக்கை 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரல் 6 அன்றும் திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில். மென்பொருள் திருத்தப்படாத சில கருவிகள் நாளை இருபது ஆண்டுகள் பின்னோக்கிக் காட்டின. இடத்தைக் கணிக்க இது தடையில்லை எனினும், எந்தச் செயற்கைக்கோள் எங்கிருக்கும் என்ற முன்கணிப்பு பிழைபட்டு, இடத்தைக் காணும் நேரம் நீண்டது.

பாதுகாப்பு

கருவி அறியாதவற்றுள் மிகவும் ஆபத்தானது தரைப்பாலம். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பதால், வரைபடத்தில் தரைப்பாலமும் உயர்மட்டப் பாலமும் ஒரே கோடாகவே வரையப்பட்டிருக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது தரைப்பாலங்கள் மூழ்கின. அந்நேரத்திலும் கருவி அவற்றையே குறுகிய வழியாகக் காட்டியிருக்கும்.

இது வெறும் ஊகமன்று. 2023 அக்டோபரில் கேரளத்தின் கோதுருத்தில், இரவு மழையில் வழிகாட்டுதலைப் பின்பற்றியதாகக் கூறப்பட்ட தானுந்து ஆற்றில் விழுந்து இரு இளம் மருத்துவர்கள் இறந்தனர். 2024 சனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஒரு வண்டி படிக்கட்டுகளில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, முடிவுறாத பாலத்திலிருந்து ராம்கங்கை ஆற்றில் விழுந்த வண்டியில் மூவர் இறந்தனர். பாலம் ஒரு பக்கம் அடித்துச் செல்லப்பட்டிருந்த செய்தி வரைபடத்திற்கு எட்டவில்லை. சாலையை அடைத்து வைத்திருக்க வேண்டியவர்களும் சரிவர அடைக்கவில்லை. இவை கைபேசி வரைபடங்கள் தொடர்பாகப் பேசப்பட்டவை. இணையத்தோடு இணைந்த வரைபடத்திற்கே இந்நிலை எனில், பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத தனிக்கருவியை இரவிலும் மழையிலும் அறியாத ஊர்ச்சாலையில் நம்புவது எவ்வகையிலும் தகாது. முன்னே தெரியும் சாலையில் நீர் பளபளத்தால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்க வேண்டும்.

சட்ட நிலையைப் பொறுத்தவரை, 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், கையடக்கக் கருவியை வழியறிவதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த இசைவளிக்கிறது. ஓடும் வண்டியில் இலக்கைத் தட்டச்சு செய்வதை இதில் அடக்க இயலாது. உடன் வருபவர் செய்யலாம், அல்லது வண்டியை ஓரமாக நிறுத்திச் செய்யலாம்.

கைபேசிகளின் வருகை

2010 சனவரியில் நோக்கியா தன் கைபேசிகளில் வழிகாட்டலைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. வரைபடத்தை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதால் இணையச் செலவும் இல்லை. அரக்கோணத்திற்குத் தொலைவில் இல்லாத திருப்பெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை அந்நிறுவனத்தின் ஆலை இயங்கியது. கூகுளின் வழிகாட்டல் 2009 அக்டோபரில் அமெரிக்காவில் வெளிவந்து, பின்னர் இந்தியாவிற்கும் வந்தது. போக்குவரத்து நெரிசலை அந்நேரமே காட்டும் வசதிக்கு முன் தனிக்கருவியால் நிற்க இயலவில்லை. மேப்மைஇந்தியாவும் வரைபடத் தரவு, தானுந்தில் பொருத்திய திரை, கைபேசிச் செயலி ஆகியவற்றின் பக்கம் திரும்பி, 2021 டிசம்பரில் பங்குச்சந்தையில் நுழைந்தது.

இந்தியாவின் சொந்தத் தொகுதியான நாவிக், 2013 சூலை 1 அன்று சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட முதல் செயற்கைக்கோளுடன் தொடங்கியது. இதற்கென்று அமையாத பழைய கருவிகளால் அதன் அலையைப் பெற இயலாது, வன்பொருளே வேறு.

வரைபட உரிமம் முடிந்த பழைய கார்மின் கருவிகளை இன்றும் பயனுள்ளதாக்க ஒரு வழி உண்டு. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திறந்த தெரு வரைபடத் திட்டத்தின் தரவை அக்கருவிகளுக்கேற்ற கோப்பாக மாற்றிச் சிறு நினைவக அட்டையில் ஏற்றலாம். அவ்வரைபடத்தை எவரும் திருத்தலாம். அடைக்கப்பட்ட ரயில்வே கேட்டையோ மூழ்கும் தரைப்பாலத்தையோ உள்ளூரார் ஒருவர் குறித்துவிட்டால், அடுத்த முறை கோப்பை உருவாக்கும்போது அது கருவியிலும் இடம்பெறும். தரைப்பாலத்திற்கு அத்திட்டத்தில் தனிக் குறிச்சொல்லே உள்ளது. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் தரைப்பாலங்களுக்கு அக்குறிச்சொல்லை இடும் பணிக்கு ஆட்கள் தேவை.